அந்த அறைக்குச் சாவி கேளுங்கள்

திருத்தணி வட்டாரத்து அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் தாய்மார்களுக்கும் தந்தையர்க்கும்,



உங்களில் சிலருடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், வராந்தாவின் கடைசியில் பூட்டிய அறை ஒன்று இருக்கும். கதவில் 'தொழிற்கல்வி' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியது பாதி அழிந்திருக்கும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் தூசி மூடிய மேசைகள், அவற்றில் துருவேறிய வைஸ்கள், மூலையில் கால் உடைந்த பெஞ்சுகள். அப்படி ஓர் அறையில்தான் நான் 26 வருடம் வேலை பார்த்தேன். மேல்நிலைத் தொழிற்பிரிவில் இயந்திரவியல் பாடம் எடுத்தவன். ஓய்வு பெற்ற அன்று மாலை சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். என் இடத்துக்கு ஆள் வரவில்லை. அடுத்த வருடம் அந்தப் பிரிவில் பிள்ளைகளைச் சேர்க்கவும் இல்லை. சாவி இன்னும் அதே ஆணியில் தொங்குகிறதாம். அங்கே படிக்கும் பிள்ளைகள் வழியில் பார்த்தால் சொல்கிறார்கள்.

அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும், வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் உங்கள் வேலை. கூட்டம் என்றால் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருவதுதானே என்று உங்களில் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். இருக்கலாம். ஆனாலும் தீர்மானப் புத்தகம் உங்கள் முன்னால்தான் வைக்கப்படுகிறது. அதில் எழுத வேண்டிய ஒரு தீர்மானத்துக்காகவே இந்த மடல்.

நான் கேட்பது இதுதான். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரத்தில் இரண்டு பீரியட் பட்டறை. அளந்து, அறுத்து, பூட்டி, கழற்றி, கெட்டுப்போனதைச் சரிசெய்து படிக்கிற வகுப்பு.

இதைச் சொன்னவுடன் உங்களில் ஓர் அம்மா என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமும் கேட்ட பதில்தான். "சார், எம் புள்ள கையில எண்ணெ ஒட்டக் கூடாதுன்னுதான் படிக்க வெக்கிறேன்." பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிச் சத்தத்தில் காது மந்தமான அப்பாக்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். மலையடிவாரத்து ஓட்டலில் நாளெல்லாம் அடுப்படியில் நிற்கும் அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பேச்சை நான் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. இதற்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது.

1953இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். வண்ணான் மகன் துறைக்கும், சக்கிலியர் மகன் தோலுக்கும், நெசவாளி மகன் தறிக்கும் திரும்பிப் போ என்பதுதான் அதன் பொருள் என்று பெரியாரும் தி.மு.க.வும் தெருவில் இறங்கினார்கள். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். அந்த ஆண்டே திட்டம் போயிற்று. அந்த நேரம் நம் ஊரின் கதையே வேறாக இருந்தது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு நாமும் அந்தப் பக்கம் போய்விட்டோம். ம.பொ.சி. முதலானவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கர் வகுத்த எல்லை, நாடாளுமன்றத்தின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் என்று எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திரும்பி வந்தோம். திரும்பி வந்தபோது இங்கே குலக்கல்வி என்ற சொல்லின் சூடு ஆறவில்லை. இன்றும் ஆறவில்லை. பள்ளிக்கூடத்தில் சுத்தியல் என்றாலே நம் மனம் பதறுவது அதனால்தான். பதற வேண்டியதும்தான்.

நான் கேட்கும் பட்டறையைக் குலக்கல்வியோடு ஒட்டிப் பாருங்கள். அந்தத் திட்டம் பாட நேரத்தைக் குறைத்தது. பிள்ளையை அப்பன் தொழிலோடு கட்டியது. நம் பட்டறையில் ஜவுளிக்கடைக்காரர் மகள் ஸ்பானர் பிடிக்க வேண்டும், தறிக்காரர் மகன் மல்டிமீட்டர் வைத்து மின்னழுத்தம் பார்க்க வேண்டும், ஊரில் பெரிய மனிதரின் பேரன் வகுப்பு முடிந்ததும் இரும்புத்தூளைக் கூட்டி அள்ள வேண்டும். யாருக்கும் விலக்கு கிடையாது. கணக்கு, அறிவியல், மொழிப் பாடங்களில் ஒரு நிமிடமும் வெட்டக் கூடாது. பிள்ளைகள் செய்த எதையும் விற்கக் கூடாது. பள்ளி பெஞ்சுக்கு ஆணி அடிக்கவும், கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கவும் அவர்களை வேலை வாங்கக் கூடாது. இந்த நிபந்தனைகளைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். பின்லாந்து 1866இலேயே நாட்டுப் பள்ளிகளில் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கியது. இன்று அங்கே ஆண், பெண் என்று பார்க்காமல் ஏழாம் வகுப்பு வரை எல்லாரும் அதைப் படிக்கிறார்கள். அங்கே தச்சு படித்த பிள்ளை தச்சனாகத்தான் போக வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை.

நம் நாட்டிலும் யோசனைகளுக்குப் பஞ்சம் இல்லை. 1952-53இல் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, தொழில்நுட்பமும் வேளாண்மையும் வணிகமும் ஒரே வளாகத்தில் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அந்த வாசல் வழியாகத்தான் நானும் வேலைக்கு வந்தேன். ஆனால் தொழிற்பிரிவுக்கு யாரை அனுப்பினோம்? பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளையை. "உனக்குக் கணக்கு வராது, அந்தப் பக்கம் போ." இப்படி ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொரு ஜூன் மாதமும் நான் பார்த்தேன். முதல் மூன்று மாதம் அவர்களுக்கு அரம் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதைவிட, தலை நிமிரச் சொல்லிக் கொடுப்பதுதான் கடினம். ஆறாம் வகுப்பிலேயே எல்லாருக்கும் பட்டறை வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது அந்த முகங்களுக்காகத்தான். எல்லாரும் போகிற இடமாக இருந்தால் ஒதுக்கப்பட்டவர்களின் இடமாக அது ஆகாது.

பட்டறையில் என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்பீர்கள். அரத்தையே எடுத்துக்கொள்கிறேன். சதுரமாக அறுத்த ஓர் இரும்புத் தகட்டை வைஸில் பிடித்து, அதன் ஒரு விளிம்பை நேராக ராவ வேண்டும். முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் நடுவில் மேடாக, இரண்டு ஓரமும் சரிவாக ராவி வைப்பார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மூலமட்டத்தை அந்த விளிம்பில் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொல்வேன். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகும். எந்த இடத்தில் ஒழுகவில்லையோ அந்த இடம் மேடு. அங்கே மட்டும் ராவு. மறுபடி தூக்கிப் பார். மறுபடி ராவு. நாலாவது வாரம் ஒரு பையன் மட்டத்தை வைப்பான், வெளிச்சக் கோடு மறைந்திருக்கும். அவன் என்னைக் கூப்பிட மாட்டான், பக்கத்துப் பையனைக் கூப்பிடுவான். தான் செய்தது சரியா தப்பா என்பதை வாத்தியார் சொல்லித் தெரிந்துகொள்ளாமல், பொருளே சொல்லித் தெரிந்துகொண்ட முதல் நாள் அது. சிவப்பு மை டிக்கை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் எழுத்தில் கொண்டுவர முடியாமல் தவிக்கிறேன். வந்து பார்த்தால்தான் தெரியும்.

நம் ஊரிலேயே பாடம் கொட்டிக் கிடக்கிறது. மலைக்கு 365 படி. டிசம்பர் 31 படித் திருவிழா அன்று ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துப் பாடி ஏறுகிறோம். பிள்ளைகள் எல்லாரும் ஏறியிருக்கிறார்கள். மலையின் உயரம் என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு அளவுகோலைக் கொடுத்து, இருபது இருபது படியாகப் பிரித்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு படி இன்னொரு படி மாதிரி இருக்காது. சராசரி என்றால் என்ன, எதற்காக என்று அங்கே புரியும். சமதளமாக நடக்கும் இடங்களை என்ன செய்வது என்று சண்டை வரும், நல்ல சண்டை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கீழே நிற்கட்டும். ஒரு பாகைமானி, அதன் நடுவில் நூலில் கட்டிய கல். அதை வைத்து ஏற்றக்கோணம் பார்க்கட்டும். கணக்குப் புத்தகத்தில் கலங்கரை விளக்கத்துக்கும் கப்பலுக்கும் போட்ட அதே கணக்குதான். இரண்டு வகுப்பின் விடைகளும் ஒத்துவராது. ஏன் வரவில்லை என்று தேடிப் போகிற அந்தப் பகல் முழுவதும் பொறியியல்.

இன்னும் கொஞ்சம் போகலாம். ஒரு படி சராசரியாக 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏறக்குறைய 55 மீட்டர். ஆயிரம் லிட்டர் தண்ணீரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க எவ்வளவு மின்சாரம்? கணக்குப்படி 0.15 யூனிட் போதும். மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் ஆகும் இழப்பைச் சேர்த்தால் சுமார் அதன் இரு மடங்கு. அவ்வளவு உயரத்துத் தண்ணீர் கீழ்க்குழாயை எவ்வளவு அழுத்தத்தோடு தள்ளும்? சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தரை கிலோ. மட்டமான குழாய் வாங்கிப் போட்டால் ஏன் பிளக்கிறது என்பது அந்த எண்ணில் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கானவர்கள் காவடி எடுத்து வருகிற ஊரில், குடிதண்ணீர் எப்படி மேலே போகிறது என்று யோசிக்காமலே ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்துவிடுகிறது.

தறியைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே ஓர் இயந்திரத்தோடு வளர்கிறார்கள். பள்ளியில் அது படிப்பில் சேர்த்தியில்லை. ஒருமுறை சென்சார் என்றால் என்ன என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "எங்க தறியில ஊடை அறுந்தா தானா நின்னுடுமே, அது மாதிரியா சார்?" என்றாள். அது மாதிரியேதான். ஊடைநூல் இருக்கிறதா என்று ஒரு சின்ன முள் ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்க்கிறது; நூல் தட்டுப்படவில்லை என்றால் தறியை நிறுத்துகிறது. தொட்டு அறிவது, முடிவெடுப்பது, செயல்படுவது. ரோபோவின் மொத்த இலக்கணமும் அந்த முள்ளில் இருக்கிறது. அந்தப் பெண் சொன்ன பிறகு நான் என் பாடக் குறிப்பை மாற்றிக்கொண்டேன்.

தறிக்கு மேல் ஜக்கார்டு பெட்டி வைத்த வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் ஒன்று தெரியும். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே நுழையும், கொக்கி தூக்கப்படும், பாவுநூல் எழும். துளை இல்லாவிட்டால் ஊசி தள்ளப்படும், நூல் கீழேயே நிற்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே சொல்லால் பூவும் மாங்காயும் துணியில் விழுகின்றன. பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804இல் செய்த ஏற்பாடு அது. அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் துளை அட்டை வைக்கத் திட்டமிட்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் துளை அட்டைகளை வைத்தே எண்ணினார்கள். கம்ப்யூட்டரின் வம்சாவளியில் நெசவாளி வீடு இருக்கிறது. கோடிங் என்ற சொல்லைக் கேட்டு மிரளும் தறி வீட்டுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். உட்காரும் தோரணையே மாறும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2016 முதல் நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் இருக்கிறது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய்: பாதி கருவிகளுக்கு, பாதி ஐந்து ஆண்டு நடத்துவதற்கு. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு 13,000க்கும் மேற்பட்ட பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வானவில் மன்றத்தைத் தொடங்கியது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப்கள் வந்திருக்கின்றன. நல்ல காரியங்கள். ஆனாலும் கருவி வந்த பள்ளியில் பெட்டி பிரிக்கப்படாமல் கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. அவர் மேசையில் இருக்கும் இருப்புப் பதிவேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு திருப்புளியும் அதில் எண் போட்டு ஏறியிருக்கும். ஆடிட் வரும்போது பதிவேட்டில் உள்ளது அலமாரியில் இருக்க வேண்டும், உடையாமல் இருக்க வேண்டும். உடைந்தால் விளக்கம் எழுத வேண்டும்; சில இடங்களில் சம்பளத்திலிருந்து கட்டவும் நேர்ந்திருக்கிறது. பயன்படுத்தாத கருவி உடைவதில்லை. ஆக, பூட்டி வைத்தவர் நல்ல பெயர் வாங்குகிறார், பிள்ளைகள் கையில் கொடுத்தவர் விளக்கம் எழுதுகிறார். நானே எழுதியிருக்கிறேன், ஒடிந்த மூன்று ட்ரில் பிட்டுகளுக்காக. ட்ரில் பிட் ஒடியாமல் துளை போடக் கற்ற மனிதன் உலகத்தில் இல்லை.

உங்கள் கையெழுத்துக்கு வேலை இருப்பது இங்கேதான். தீர்மானத்தில் இந்த வாசகத்தைச் சேருங்கள்: "பட்டறை வகுப்பில் கற்கும்போது உடையும், தேயும் கருவிகள் கற்றலின் செலவாகக் கருதப்பட வேண்டும், ஆசிரியர் அதற்குப் பொறுப்பல்ல, பருவத்துக்கு ஒருமுறை குழு நேரில் பார்வையிட்டு அவற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்கப் பரிந்துரைக்கும்." பெற்றோர் கேட்டு எழுதிய ஒரு வரி பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், அடுத்த வாரமே பல ஆசிரியர்கள் அலமாரியைத் திறப்பார்கள். என் சக ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஆசை இல்லாதவர்கள் குறைவு, பயம் இருப்பவர்கள் அதிகம்.

பணம் இல்லை என்று சொல்வார்கள். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்து, லாரி செய்யும் டெல்கோவில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா, 1978இல் மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் வைத்து முக்கோணம் ஏன் அசையாது, சதுரம் ஏன் சாய்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். பாலம், கூரை, மின்கோபுரம் எல்லாவற்றின் அடிப்படையும் அதில் வந்துவிடும். ஒரு வகுப்புக்கு ஆகும் செலவு இரண்டு தீப்பெட்டி. கெட்டுப்போன மிக்ஸி, மேசை விசிறி, பழைய சைக்கிள், நின்றுபோன சுவர்க் கடிகாரம் உங்கள் வீடுகளில் இருக்கின்றன. அவற்றைப் பள்ளிக்குக் கொடுங்கள். கழற்றிப் பார்க்க அவற்றைவிட நல்ல பாடநூல் கிடையாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர், டூவீலர் மெக்கானிக், லேத் பட்டறைக்காரர், கொத்தனார் மேஸ்திரி எல்லாரும் உங்களுக்குப் பழக்கமானவர்கள். மாதம் ஒரு நாள் ஒருவரை ஆசிரியரோடு வகுப்பில் நிற்க வையுங்கள். மேஸ்திரி தூக்குக்குண்டை விட்டுச் சுவரின் நேர் பார்ப்பதைப் பார்த்த பிள்ளைக்குப் புவியீர்ப்பை இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை.

எல்லையோரத்துப் பள்ளி என்பதால் ஒன்று சொல்கிறேன். வீட்டில் தெலுங்கு பேசிவிட்டு வந்து தமிழில் படிக்கும் பிள்ளைகள் நம்மிடம் அதிகம். விஞ்ஞானப் பாடத்தில் வாய் திறக்கத் தயங்குவார்கள். பட்டறைக்குள் வந்தால் அந்தத் தயக்கம் ஓடிவிடும். ஸ்பானர், போல்ட், நட், வாஷர், பேரிங் எல்லாம் இரண்டு வீட்டிலும் ஒரே சொல்தான்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை கைக்கருவிகள் மட்டும். மின்சாரம் என்றால் பேட்டரி மட்டும். சுவர் பிளக்கில் வேலை இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ஷூ, பின்னலைச் சுருட்டிக் கட்டுவது, துப்பட்டாவைக் கழற்றி வைப்பது, முதலுதவிப் பெட்டி. லேத்தும் வெல்டிங்கும் இந்த வயதுக்கு வேண்டாம். இருபது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உள்ளே விடக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெண் பிள்ளைகளை ஓரமாக நிறுத்தி நோட்டில் படம் வரைய வைப்பார்கள். என் ஆரம்ப வருடங்களில் நானும் அதைச் செய்தேன். தப்பு. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கவலைப்பட வேண்டாம். பத்து முடித்து ஐ.டி.ஐ. போனவரும், பிளஸ் டூ தொழிற்பிரிவு முடித்தவரும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமா முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத முன்னுரிமை உண்டு. பெண் பிள்ளை மேலே படித்தால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அது நம் திருத்தணியில் 1888இல் பிறந்த ராதாகிருஷ்ணனின் பிறந்த நாள். 2024 முதல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை வருகிறது. கதவுகள் திறந்துதான் இருக்கின்றன. ஸ்விட்ச் போர்டைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்து, முதல் வருட ஒர்க் ஷாப்பில் அரத்தைத் தலைகீழாகப் பிடிக்கும் பிள்ளைகளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது தீர்மானம் பிறகு இருக்கட்டும், முதலில் அந்த அறையைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே போய்ப் பாருங்கள். வைஸில் துரு ஏறியிருந்தால் கவலை வேண்டாம். மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தால் திருகு இளகிவிடும். கூப்பிட்டால் நான் வருகிறேன். நடுத்தர அரம் ஆறு, மூலமட்டம் இரண்டு, ஒரு வெர்னியர் என்னிடம் சொந்தமாக இருக்கின்றன. அவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
திருத்தணி